இதய மாத்திரை ஆரம்பித்த பிறகு உடம்பில் தடிப்பு: எதற்குப் பொறுக்கலாம், எதற்கு ஓட வேண்டும்

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 61 வயது. மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ செய்து, ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பித்த ஆறாம் நாளிலிருந்து முதுகிலும் வயிற்றிலும் பொடிப்பொடியாகத் தடிப்பு, ராத்திரியெல்லாம் அரிப்பு. "மாத்திரைச் சூடு, இரண்டு நாள் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கலாமா?

முதல் கேள்விக்கு முதலில் பதில். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த மருத்துவரை இன்றைக்கே கூப்பிட்டு, தடிப்பைப் படம் எடுத்து அனுப்பி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். அதுவரை எல்லா மாத்திரையும் வழக்கம்போல் போகட்டும்.

இதற்கு விலக்கு உண்டு. உதடு, நாக்கு, தொண்டை வீங்கினால், மூச்சுத் திணறினால், வாய்க்குள்ளோ கண்ணிலோ பிறப்புறுப்பிலோ புண் வந்தால், தோல் தொட்டாலே வலித்தால், கொப்புளம் கிளம்பினால், தோல் உரிந்தால், தடிப்போடு காய்ச்சலும் முக வீக்கமும் சேர்ந்தால், உடனே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள். இந்த நிலையில் அடுத்த வேளை மாத்திரையை வீட்டில் கொடுக்க வேண்டாம். அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், எதை நிறுத்துவது என்று அங்கே முடிவு செய்வார்கள்.

நான் இருபது வருடமாக இதய நோய் வார்டுக்கு மருந்து கொடுக்கும் மருந்தாளுநர். நிறுத்தாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல என் வீட்டிலேயே ஒரு காரணம் இருக்கிறது. என் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கையிலும் முதுகிலும் தடிப்பு வந்தது. பக்கத்து மருந்துக்கடையில் "எல்லாத்தையும் ஒரு வாரம் நிறுத்துங்க, தானா அடங்கிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அடங்கியும் விட்டது. எனக்குத் தெரியவே தெரியாது. ஒன்பதாம் நாள் விடியற்காலை நெஞ்சுவலி. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அதற்கு முன்பு மாடி ஏறிக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு திண்ணை வரைக்கும்தான் நடந்தார்.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் விரித்து வைத்த உலோக வலை. குழாயின் உள்தோல் மெதுவாக வளர்ந்து அந்த வலையை மூட வேண்டும். மூடும் வரை ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள்தான், அதன் மேல் உறையப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல், பிரசுக்ரெல், டைகாக்ரெலார் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்து இரட்டையாகக் கொடுக்கிறார்கள். மாரடைப்புக்குப் பிறகு வைத்த ஸ்டென்டுக்கு வழக்கமாக 12 மாதம். அதிலும் முதல் மாதம்தான் மிக ஆபத்தானது. உங்கள் அப்பா இப்போது இருப்பது அந்த மாதத்தில்.

சரி, இந்தத் தடிப்பு எதனால்?

தேதியைப் பாருங்கள். மருந்துத் தடிப்பில் முதலில் பேசுவது தேதிதான். ஒரு மருந்தைப் புதிதாக ஆரம்பித்தால், அம்மை போட்டது மாதிரி பொடிப்பொடியாக வரும் சாதாரண வகைத் தடிப்பு பெரும்பாலும் 4-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள் தலைகாட்டும். முதலில் மார்பு, முதுகு, வயிறு. பிறகு கை கால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். முன்பு எப்போதோ அதே மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், இந்த முறை ஓரிரு நாளிலேயே வந்துவிடும். காணாக்கடி வேறு ரகம். மாத்திரை விழுங்கிய சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ திட்டுத்திட்டாக வீங்கி, ஒரு இடத்தில் அடங்கி இன்னொரு இடத்தில் கிளம்பும். ஒரு திட்டு 24 மணி நேரத்துக்கு மேல் அதே இடத்தில் நிற்பது அபூர்வம்.

ஆறாம் நாள், முதுகு, வயிறு, பொடித் தடிப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் க்ளோபிடோக்ரெல் மேல்தான் சந்தேகம் போகிறது. அந்த மருந்தால் வரும் தடிப்பு பெரும்பாலும் முதல் வாரம், பத்து நாளுக்குள் வரும். இதன் அளவையும் சொல்லிவிடுகிறேன். 1996-இல் வெளியான கேப்ரி என்ற பெரிய ஆய்வில் 19,185 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு க்ளோபிடோக்ரெலும் இன்னொரு பிரிவுக்கு ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். க்ளோபிடோக்ரெல் எடுத்தவர்களில் 100-க்கு 6 பேருக்குத் தோல் தடிப்பு வந்தது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.6 பேருக்கு. கடுமையான தடிப்பு என்று பார்த்தால் க்ளோபிடோக்ரெலில் 1,000-க்கு 2.6 பேர், ஆஸ்பிரினில் ஒருவர். வருவது அபூர்வம் இல்லை, கடுமையாவது அபூர்வம்.

ஆனாலும் க்ளோபிடோக்ரெல்தான் என்று நான் இங்கிருந்து தீர்ப்பு எழுத முடியாது. மாரடைப்பு வந்தவருக்கு ஒரே நாளில் ஆறேழு மருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாடின், இதயத் துடிப்பைக் குறைக்க மெட்டோப்ரோலால், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் ராமிப்ரில், வயிற்றுக்குப் பான்டோபிரசோல். போதாததற்கு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றையும் ஒரே கேப்சூலில் அடைத்து விற்கிறார்கள். "அப்பா ஒரே மாத்திரைதான் சாப்பிடுகிறார்" என்று வீட்டில் சொல்வார்கள், அட்டையின் பின்பக்கம் திருப்பினால் உள்ளே மூன்று பெயர் இருக்கும். ரத்த அழுத்த மாத்திரையிலும் இதே கதை. பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒட்டியிருந்தால் உள்ளே ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற நீர் மாத்திரையும், 'ஏஎம்' என்று இருந்தால் அம்லோடிபினும் சேர்ந்திருப்பது வழக்கம்.

இன்னொன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆஞ்சியோவின்போது ரத்தக்குழாயில் செலுத்தும் சாயத்துக்கும் தடிப்பு வரும். அன்றைக்கே வர வேண்டும் என்பதில்லை, ஒரு மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பெரும்பாலும் தானாகவே அடங்கும். அப்பாவுக்கு வந்திருப்பது அதுவாக இருந்தால், எந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லாமல் க்ளோபிடோக்ரெலை நிறுத்தியிருப்பீர்கள். மருத்துவமனையில் இருந்தபோது ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்களா என்றும் டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். தடிப்பு ஒரு சதுரத்துக்குள், ஒரு வட்டத்துக்குள் மட்டும் இருந்தால் ஈசிஜி ஸ்டிக்கரும் பிளாஸ்திரியும் ஒட்டியிருந்த இடமா என்று பாருங்கள். அது பசை செய்கிற வேலை.

நம்முடைய தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புத்தகங்களில் "சிவந்த தடிப்பு" என்று எழுதியிருக்கும். மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு அப்படிப் பளிச்சென்று தெரியாது. கரும்பழுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ தெரியும், சில சமயம் நிறமே மாறாமல் சொரசொரப்பு மட்டும் இருக்கும். அதனால் புறங்கையால் முதுகைத் தடவிப் பாருங்கள், சூடும் மேடும் கைக்குத் தெரியும். முழங்கையின் உள்பக்கம், உள்ளங்கை, உள்ளங்காலைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உதட்டைப் பிரித்து வாய்க்குள்ளும் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், இதைத்தான் வீட்டில் யாரும் செய்வதில்லை.

பொடிப் பொடியாகக் கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு என்றால் அழுத்தும்போது நிறம் மங்கும். மங்காமல் அப்படியே நின்றால் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லி, ரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை பார்க்க வேண்டும். கையில் அங்கங்கே வரும் பெரிய நீலக் கன்றல்கள் வேறு. ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மருந்து சாப்பிடுகிறவருக்குக் கதவில் லேசாக இடித்தாலும் கன்றிப் போகும். அது அலர்ஜி இல்லை.

ராமிப்ரில், எனலாப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் மாத்திரைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இவற்றால் தடிப்பும் வரலாம், ஆனால் நான் பயப்படுவது வீக்கத்துக்கு. அரிப்பு இருக்காது, திட்டு இருக்காது. காலையில் எழுந்தால் ஒரு பக்க உதடு தேனீ கொட்டினது மாதிரி இருக்கும். பிராடிகைனின் என்ற பொருள் உடம்பில் சேர்ந்துபோவதால் வருவது இது. அலர்ஜிக்குப் போடும் ஊசியும் மாத்திரையும் இதற்குச் சரியாக வேலை செய்யாது. மாத்திரை ஆரம்பித்த வாரத்திலும் வரலாம், மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்ட பிறகும் வரலாம். "இவ்வளவு நாளா சாப்பிடுற மாத்திரைதானே" என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். நாக்கு வரை வீக்கம் போனால் மூச்சு அடைக்கும். ஒரு முறை வந்தவருக்கு ஆயுசுக்கும் எந்த 'ப்ரில்' மருந்தும் கூடாது. இதய பலவீனத்துக்குக் கொடுக்கும் சக்குபிட்ரில்-வல்சார்ட்டானும் அவருக்கு ஆகாது. வீக்கம் வராத சாதாரண ஆளுக்கே 'ப்ரில்' மாத்திரையை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் அதை ஆரம்பிக்க வேண்டும்.

வேறு சில மருந்துகளின் குணமும் தெரிந்திருக்கட்டும். ஹைட்ரோகுளோரோதயசைடும், இதயத் துடிப்பு தாறுமாறாகிறவர்களுக்குக் கொடுக்கும் அமியோடரோனும் வெயிலைத் தாங்கவிடாது. இந்தத் தடிப்பு வரும் இடமே காட்டிக் கொடுத்துவிடும். முகம், பின்கழுத்து, முன்கை எல்லாம் எரியும், கைக்கடிகாரத்துக்கு அடியிலும் சட்டைக்குள்ளும் கோடு போட்டது மாதிரி ஒன்றும் இருக்காது. அமியோடரோன் எடுப்பவருக்குப் பஸ்ஸில் கண்ணாடி மூடிய ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாலும் வரும், ஏனென்றால் இதைக் கிளப்பும் புற ஊதாக் கதிர் கண்ணாடியைத் தாண்டிவிடும். மருந்தை நிறுத்தின பிறகும் அது மாதக்கணக்கில் உடம்பில் தங்கும். அம்லோடிபினால் கணுக்கால் வீங்கி, தோல் இழுபட்டு, அதனாலேயே அரிக்கும். மெட்டோப்ரோலால் போன்றவை சோரியாசிஸ் இருப்பவருக்கு அதைக் கிளப்பிவிடலாம். கொழுப்புக்கான ஸ்டாடின்களால் தடிப்பு வருவது குறைவு. வால்வு நோயில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு, ஆரம்பித்த முதல் பத்து நாளுக்குள் தொடையிலோ மார்பகத்திலோ பிட்டத்திலோ கடும் வலியோடு தோல் கறுத்தால், அதற்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

டாபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரையைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சர்க்கரைக்காக வந்த இந்த மருந்து இப்போது இதய பலவீனத்துக்கும் முக்கியமான மருந்தாகிவிட்டது. போன வருடம் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மகளோடு கவுன்டருக்கு வந்தார். சீட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். மகள் பணம் கட்ட அந்தப் பக்கம் போனதும் கண்ணாடியில் இருக்கும் ஓட்டைக்குப் பக்கத்தில் குனிந்து, "சார், கீழ ரொம்ப அரிப்பு. அதான் இந்த மஞ்ச மாத்திரையப் பத்து நாளா போடல" என்றார். அவர் காலைப் பார்த்தேன். செருப்பு வார் பதிந்து குழி விழுந்திருந்தது. மாத்திரையை விட்டதில் நீர் திரும்பக் கோத்துவிட்டது. அந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், அந்தச் சர்க்கரையில் பூஞ்சை வளரும், அரிக்கும். அவ்வளவுதான். அலர்ஜியே இல்லை. சிறுநீர் கழித்த பின் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு, மருத்துவர் எழுதித் தரும் பூஞ்சைக் களிம்பை இரண்டு வாரம் போட்டால் பெரும்பாலும் போய்விடும், மாத்திரையை விட வேண்டியதில்லை. அந்த இடத்தில் கடும் வலி, வீக்கம், காய்ச்சல் என்று வந்தால் மட்டும் அவசரம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இந்த மாத்திரை இருந்தால் நீங்களே கேளுங்கள், அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

இப்போது, எதைச் செய்யக் கூடாது என்று பார்ப்போம். நம் ஊரில் தடிப்பு என்று போனால் அலர்ஜிக்கு ஒரு அவில் ஊசி, கூடவே ஒரு டெக்சா ஊசி. அரிப்பு அன்றைக்கே அடங்கும், ஆள் தூங்கிவிடுவார். டெக்சா ஸ்டீராய்டு. சர்க்கரையை ஏற்றும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றலாம். பலவீனமான இதயம் இருப்பவருக்கு ஸ்டீராய்டு நாள் கணக்கில் போனால் நீர் கோக்கும். எல்லாவற்றையும்விட, மறுநாள் இதய மருத்துவர் பார்க்கும்போது தடிப்பு பாதி மறைந்திருக்கும், அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்டீராய்டு தேவைப்படும் தடிப்புகள் உண்டு. க்ளோபிடோக்ரெல் தடிப்புக்கே, மருந்தை நிறுத்தாமல், அலர்ஜி மாத்திரையும் சில நாள் ஸ்டீராய்டும் கொடுத்துக் கடத்திவிடுகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு அது பலிக்கிறது. ஆனால் அதை இதய மருத்துவரும் தோல் மருத்துவரும் பேசி முடிவு செய்து, சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே கொடுப்பார்கள்.

அதே மாதிரி கடையில் கேட்டு வாங்கும் மூன்று மருந்து கலந்த களிம்பு. உள்ளே வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் இருக்கும். வந்திருப்பது மருந்துத் தடிப்பே இல்லாமல் படர்தாமரையாக இருந்தால், இந்தக் களிம்பு அதை வெளியே தெரியாமல் பரப்பிவிடும். படர்தாமரை என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஆபத்து இட்ராகோனசோல் கேப்சூல். நம்மிடையே படர்தாமரைக்கு இதைச் சர்வசாதாரணமாகக் கொடுக்கிறார்கள். இதயம் சுருங்கும் சக்தியை அது குறைக்கும், இதய பலவீனம் உள்ளவருக்கு ஆகாது. அட்டோர்வாஸ்டாடினோடு சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாடின் அளவை ஏற்றித் தசையைப் பாதிக்கும். தோல் மருத்துவரிடம் போகும்போது இதய மாத்திரைச் சீட்டையும் எக்கோ ரிப்போர்ட்டையும் எடுத்துப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

மருந்துதான் காரணம் என்று மருத்துவர்கள் முடிவு செய்தால் வழி இருக்கிறது. க்ளோபிடோக்ரெல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேதியியல் அமைப்பில் வேறான டைகாக்ரெலாருக்கு மாற்றுவார்கள். அதைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று தவறாமல் போட வேண்டும், சிலருக்கு லேசாக மூச்சு வாங்கும், அதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிரசுக்ரெல் க்ளோபிடோக்ரெலின் பங்காளி மாதிரி, அதற்கும் தடிப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பிரினே ஆகவில்லை என்றாலும், சிலருக்கு மருத்துவமனையில் வைத்து மிகச் சிறிய அளவிலிருந்து படிப்படியாக ஏற்றி உடம்பைப் பழக்கிவிடுகிறார்கள். மருந்தை மாற்றும்போது ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. பழையதை நிறுத்தும் வேளையும் புதியதை ஆரம்பிக்கும் வேளையும் என்ன என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றின பிறகும் தடிப்பு மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகும், கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் இருக்கும். அதைப் பார்த்து இன்னும் அலர்ஜி போகவில்லை என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் இன்றைக்கு ராத்திரி செய்யக்கூடியது: ஒரு தாளில் எந்த மருந்து எந்தத் தேதியில் ஆரம்பித்தது, தடிப்பு எந்தத் தேதியில் எங்கே முதலில் வந்தது என்று எழுதுங்கள். நடுவில் சாப்பிட்ட வலி மாத்திரை, சளி மருந்து, நாட்டு மருந்து, லேகியம், கஷாயம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுங்கள். தடிப்பு எதுவரை இருக்கிறது என்று பால்பாயின்ட் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போட்டு, படம் எடுங்கள். நாளைக்குக் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும். காலி மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள்.

காரணம் உறுதியானால், அந்த மருந்தின் பெயரை, கம்பெனிப் பெயரை இல்லை, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை, தேதியோடு ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-இலிருந்து நடக்கிறது, காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் நெறிநூல் ஆணையம் அதைப் பார்த்துக்கொள்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியின் வீட்டாரும் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். ஒரு அரிப்பைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றலாம். பிரிட்டனில் 1970-இல் பிராக்டோலால் என்ற இதய மருந்து வந்தது. சாப்பிட்ட சிலருக்குச் செதில் செதிலாகத் தடிப்பு வந்தது, கண் வறண்டது. சிலருக்குப் பார்வையே போனது. இதைக் கவனித்த மருத்துவர்கள் ஒவ்வொருவராக எழுதிச் சேர்த்ததால்தான் விஷயம் வெளியே வந்து, 1975-இல் பொதுப் பயன்பாட்டிலிருந்து அந்த மருந்தை எடுத்தார்கள்.

அப்புறம், எண்ணெய்க் குளியல் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். சுடுதண்ணீரும் சீயக்காய்த் தேய்ப்பும் அரிப்பைக் கூட்டும், ஆஞ்சியோ போட்ட இடத்தில் எண்ணெய்க் கை வைத்து அழுத்தித் தேய்ப்பதும் நல்லதில்லை. ஆறின தண்ணீரில், வாசனை இல்லாத சோப்பு கொஞ்சமாகப் போட்டு, சீக்கிரம் குளித்து முடிக்கட்டும். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மருத்துவர் சொல்லும் மாய்ஸ்சரைசரோ மெல்லிசாகத் தடவுங்கள், அரிக்கிற இடத்தில் கேலமைன் போடலாம். தளர்ந்த பருத்திச் சட்டை, வெட்டின நகம், ராத்திரி ஃபேன் காற்று. மாத்திரை டப்பாவை மட்டும் அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வையுங்கள்.